மோரிஸ் ஃபிராங்க்: நாயோடு உள்ளே வந்தவர்

நாய்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எந்தக் குடியிருப்பின் பொதுக்குழுவிலும் குரல் உயர்ந்துவிடும். லிஃப்டில் ஏற்றலாமா, பூங்காவில் விடலாமா என்று ஆளுக்கு ஒரு கருத்து. அந்தப் பஞ்சாயத்துக்குள் இந்தக் கட்டுரை போகப்போவதில்லை. வீட்டில் ஆசைக்கு வளர்க்கும் நாய் வேறு, ஒருவருக்குக் கண்ணாக இருக்கப் பழக்கிய நாய் வேறு. இந்த வித்தியாசத்தை அமெரிக்காவில் ரயில்காரர், ஹோட்டல்காரர், கடைக்காரர் எல்லோரும் ஒப்புக்கொள்ள ஒரு மனிதர் ஏறத்தாழ முப்பது வருடம் நடையாய் நடந்தார். அவர்தான் மோரிஸ் ஃபிராங்க்.

1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் குதிரைச் சவாரியின்போது மரக்கிளை மோதி வலது கண் போயிற்று. பதினாறு வயதில் குத்துச்சண்டையில் பட்ட அடியில் இடது கண்ணும் போயிற்று. அவருடைய தாயாருக்கும் பார்வை கிடையாது. சிறு பையனாக இருந்தபோது அம்மாவின் கையைப் பிடித்து வழிகாட்டியவரே, தனக்கு இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்.

ஆனாலும் முடங்கிவிடவில்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இன்ஷூரன்ஸ் விற்றார். வீடு வீடாகப் போக வேண்டிய தொழில். வழிகாட்டக் கூலிக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டார். பையனுக்கோ கவனம் வேலையில் நிற்கவில்லை. முடி வெட்டிக்கொள்வதுகூட அவர் இஷ்டத்தில் இல்லை. அப்பா அலுவலகம் போகும் வழியில் சலூனில் விட்டுவிட்டுப் போவார், யாராவது வந்து கூட்டிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பத்தொன்பது வயது இளைஞனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

1927 நவம்பரில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற பிரபல வார இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ். சுவிட்சர்லாந்தில் குடியேறி, போலீஸுக்கும் ராணுவத்துக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்துப் பழக்கிவந்த அமெரிக்கப் பெண்மணி. முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியில் நாய்களைப் பழக்குகிறார்கள் என்பதை அவர் நேரில் பார்த்து எழுதியிருந்தார். ஜெர்மனியில் இந்த வேலை 1916இல் ஓல்டன்பர்க் நகரிலேயே தொடங்கிவிட்டது, அமெரிக்காவில்தான் யாருக்கும் தெரியாது. கட்டுரையைத் தந்தை படித்துக் காட்ட, மோரிஸ் உடனே யூஸ்டிஸுக்குக் கடிதம் எழுதினார். இது உண்மைதானா, உண்மையென்றால் எனக்கும் அப்படி ஒரு நாய் வேண்டும், எனக்கு உதவினால் ஊர் திரும்பி மற்றப் பார்வையற்றவர்களுக்கும் இதைக் கொண்டுசேர்ப்பேன் என்பது கடிதத்தின் சாரம். இந்தக் கடைசி வாக்குறுதிதான் முக்கியம். யூஸ்டிஸ் அதுவரை பார்வையற்றவர்களுக்காக ஒரு நாயையும் பழக்கியதில்லை. இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் இறங்கினார்.

1928 ஏப்ரலில் மோரிஸ் கப்பல் ஏறினார். தனியாகப் போகும் பார்வையற்ற பயணியை எப்படி அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பொறுப்பில் ஏறக்குறைய ஒரு பார்சலைப் போல அனுப்பிவைத்தார்கள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக் கொடுத்து சுவிட்சர்லாந்துவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே அவருக்குக் கிடைத்தது கிஸ் என்ற பெயருள்ள ஒரு பெண் ஷெப்பர்டு. நடுத்தெருவில் முத்தம் முத்தம் என்று கூப்பிட எந்த இளைஞனுக்குத்தான் கூச்சமாக இருக்காது! பெயரை பட்டி என்று மாற்றிவிட்டார். ஆங்கிலத்தில் தோழன் என்று பொருள். மலையாளம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அந்த மொழியில் நாய்க்கே அதுதான் பெயர்.

இந்த நாய்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலருக்கும் இதில் தவறான எண்ணம் உண்டு. ஆபீஸுக்குப் போ என்றால் நாய் கூட்டிப்போய்விடாது. எந்தத் தெரு, எத்தனையாவது திருப்பம் என்ற வரைபடம் மனிதரின் மனத்தில் இருக்க வேண்டும். அவர் முன்னே, இடது, வலது என்று சொல்வார். நாயின் உடலில் மாட்டிய சேணத்திலிருந்து விறைப்பான கைப்பிடி ஒன்று அவர் கைக்கு வரும், நாயின் ஒவ்வொரு அசைவும் அதன் வழியே தெரியும். நடைபாதை விளிம்பு வந்தால் நாய் நிற்கும். பள்ளம், கம்பம், தாழ்ந்த கிளை எதுவானாலும் இருவருக்கும் சேர்த்து இடம் பார்த்து விலகும். சிக்னல் விளக்கை நாய் பார்ப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டு எப்போது கடப்பது என்று முடிவெடுப்பவர் மனிதர்தான். ஆனால் அவர் போ என்று சொல்லும்போது வண்டி வந்தால், நாய் நகராது. கட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியமில்லை, எப்போது கீழ்ப்படியக் கூடாது என்று கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

பின்னாளில் ஒருமுறை மோரிஸ் அவசரமாக லிஃப்டை நோக்கி நடந்தார். பட்டி குறுக்கே நின்று மறித்துவிட்டது. கதவு திறந்திருந்தது, லிஃப்ட் பெட்டி அங்கே இல்லை. வெறும் குழி. மாடிக் குடியிருப்பில் வாழும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சுவிட்சர்லாந்தில் ஜாக் ஹம்ஃப்ரி என்ற பயிற்சியாளர் இருவரையும் பழக்கினார். கவனக்குறைவாக நடந்தால் முட்டிக்கொள்ள விட்டுவிடுவார், இரக்கப்பட்டுக் கை கொடுக்கமாட்டார். சில வாரங்களில் மோரிஸ் பட்டியுடன் தனியாகச் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு தனியாகவே திரும்பினார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய நாட்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் முதல் பெரிய நாள்.

1928 ஜூன் 11ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். நம்பிக்கை யாருக்கும் இல்லை. பக்கத்திலிருந்த வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்து காட்டச் சொன்னார்கள். லாரிகள் இரைந்துகொண்டு ஓடும் அகலமான சாலை அது, பார்வையுள்ளவர்களே தயங்குவார்கள். பாதி வழியில் திசை முழுவதும் குழம்பிப்போய், அவர் தன்னை நாயிடம் ஒப்படைத்துவிட்டார். பட்டி நின்றது, பின்வாங்கியது, மறுபடி முன்னேறியது, மறுகரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றே யூஸ்டிஸுக்குத் தந்தி போயிற்று. வெற்றி என்ற செய்தியை ஒரே சொல்லில் சொன்ன தந்தி.

ஊருக்கு வந்தபின் அவர் கவனித்த ஒரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பெல்லாம் தெருவில் யாரும் அவரோடு நேரடியாகப் பேசமாட்டார்கள். இப்போது நாயைப் பற்றி விசாரித்துக்கொண்டே முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள்.

1929 ஜனவரியில் நாஷ்வில்லில் சீயிங் ஐ என்ற பள்ளி தொடங்கியது. அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி. யூஸ்டிஸ் சொந்தப் பணத்தைப் போட்டார், மோரிஸ் ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். முதல் வகுப்பில் மாணவர்கள் இரண்டே பேர். தென்பகுதியின் வெயில் நாய்ப் பயிற்சிக்கு ஒத்துவராததால் 1931இல் பள்ளி நியூஜெர்ஸிக்கு மாறியது.

பள்ளியை நடத்துவதைவிடக் கதவுகளைத் திறக்கவைப்பது கடினமாக இருந்தது. ரயிலில் பட்டியைச் சாமான் பெட்டியில் ஏற்றச் சொன்னார்கள். ஹோட்டல்களில் அறை இல்லை என்றார்கள். சாப்பாட்டுக் கடைகளில் வாசலிலேயே மறித்தார்கள். தெருவைக் கடக்க உதவும் நாய், தெருவின் மறுபக்கத்துக் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்றால் அந்தப் பயிற்சியால் என்ன பயன்? மோரிஸ் சண்டைக்குப் போவதைவிடச் செய்து காட்டுவதையே விரும்பினார். பட்டி மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் படுத்திருக்கும், எழுந்து போகும்போதுதான் அங்கே ஒரு நாய் இருந்ததே மற்றவர்களுக்குத் தெரியும். 1935க்குள் அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் எல்லாமே வழிகாட்டி நாய்களைப் பயணியோடு இருக்க அனுமதித்தன. 1956க்குள் எல்லா மாநிலங்களிலும் பொது இடங்களில் நுழையும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது.

அந்த உரிமை நாய்க்குக் கிடைத்ததல்ல, மனிதருக்குக் கிடைத்தது. இன்று அமெரிக்கச் சட்டமும் இதை வைத்தே கோடு போடுகிறது. குறைபாடு உள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழகிய நாய் கடைக்குள் வரலாம். பக்கத்தில் இருந்தாலே மன ஆறுதல் தருகிறது என்பது மட்டும் அதற்குப் போதாது. அது ஆறுதல் தரும் பிராணிகளைக் குறைத்துச் சொல்வதாகாது, அவற்றால் தேறியவர்கள் பலர் உண்டு. ஆனால் மோரிஸ் ரயில்காரர்களிடம் கொடுத்த உத்தரவாதம், இந்த நாய் குரைக்காது, கடிக்காது, வழியை மறிக்காது என்பது. பயிற்சி இல்லாத நாய்க்கு யார் அந்த உத்தரவாதம் கொடுப்பார்கள்?

தர்மம் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்காது. 1934இலிருந்து பள்ளியில் முதல் நாய்க்குக் கட்டணம் 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலர். உண்மைச் செலவு அதைப்போலப் பல மடங்கு. இருந்தாலும் காசு கொடுத்து வாங்கியவர் தலைநிமிர்ந்து நடப்பார் என்பது கணக்கு. தவணையிலும் கட்டலாம். அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை.

1938 மே மாதம் பட்டி இறந்தது. மோரிஸ் வேறொரு நாயை எடுத்துக்கொண்டார், அதற்கும் பட்டி என்றே பெயர் வைத்தார். அதன் பின் வந்த நாய்களுக்கும் அதே பெயர்தான். யூஸ்டிஸ் 1946இல் காலமானார். சட்டங்கள் எல்லாம் வந்து முடிந்த 1956இல் மோரிஸ் பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகி, பழைய தொழிலான இன்ஷூரன்ஸுக்கே திரும்பினார். அடுத்த வருடம் முதல் பட்டியைப் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். 1980 நவம்பரில் இறந்தார்.

பள்ளி இப்போது இருக்கும் மோரிஸ்டவுன் நகரின் மையப் பூங்காவில் 2005இல் அவருக்கும் பட்டிக்கும் சிலை வைத்தார்கள். ஆளுயரச் சிலை, பீடத்தில் ஏற்றாமல் தெருவில் நடந்துவருவது போலவே நிற்கிறது. பயிற்சியில் இருக்கும் நாய்கள் இன்றும் அந்த ஊர்த் தெருக்களில்தான் தினமும் நடந்து பழகுகின்றன.