கேரி கைகாக்ஸ்

எர்னெஸ்ட் கேரி கைகாக்ஸ் (ஜூலை 27, 1938 – மார்ச் 4, 2008) அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளரும் எழுத்தாளரும் ஆவார். இவர் டேவ் ஆர்னெசனுடன் இணைந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டை உருவாக்கினார். 1974 ஆம் ஆண்டு வெளியான இதுவே விற்பனைக்கு வந்த முதல் பாத்திரமேற்பு விளையாட்டாகக் கருதப்படுகிறது. இவ்விளையாட்டின் விதிகளைத் திருத்திப் புதிய வடிவில் வெளியிட்டவர் கைகாக்ஸ். பிற்காலத்தில் தமது பங்களிப்பு இல்லாமலேயே புதிய பதிப்புகள் வெளிவருவதைக் கண்டவரும் அவரே. ஒரு விளையாட்டின் புதிய பதிப்பு அதன் ஆட்டக்காரர்களை ஏன் பிரிக்கிறது என்பதை இவரது வாழ்க்கை வழியே அறியலாம்.

இளமைக்காலம்

கைகாக்ஸ் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார். இவரது தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர். சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். 1946 இல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. சிறுவயதிலேயே சதுரங்கத்திலும் மாயப்புனைவுக் கதைகளிலும் ஈடுபாடு கொண்ட கைகாக்ஸ், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவு செய்யவில்லை. பின்னர் சிக்காகோவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். 1970 இல் அவ்வேலையை இழந்தபின் காலணி பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1968 இல் லேக் ஜெனீவாவில் இவர் ஏற்பாடு செய்த போர் விளையாட்டு ஆர்வலர்களின் கூட்டம் ஜென் கான் எனப் பெயர் பெற்றது. அது பின்னர் ஆண்டுதோறும் நடைபெறும் பெருவிழாவாக வளர்ந்தது.

விளையாட்டின் தோற்றம்

1971 இல் கைகாக்சும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் என்னும் போர் விளையாட்டு விதிநூல் வெளியானது. இடைக்காலப் போர்களுக்கான அந்நூலின் பிற்சேர்க்கையில் மந்திரவாதிகளுக்கும் டிராகன்களுக்கும் விதிகள் தரப்பட்டிருந்தன. மினசோட்டாவைச் சேர்ந்த ஆர்னெசன், ஒவ்வோர் ஆட்டக்காரரும் படைக்குப் பதிலாக ஒரே ஒரு கதைமாந்தரை இயக்கும் முறையைத் தமது பிளாக்மூர் ஆட்டத்தில் வளர்த்தெடுத்தார். 1972 இல் அவர் அதனை லேக் ஜெனீவாவில் நடத்திக் காட்டினார். அதன் அடிப்படையில் கைகாக்ஸ் விதிகளை எழுதினார்.

இம்முறையில் ஆட்ட நடத்துநர் ஒருவர் சூழலை விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் கதைமாந்தர் என்ன செய்கிறார் என்று கூறுவர். விளைவு ஐயத்திற்குரியதாக இருந்தால் பகடை உருட்டி முடிவு செய்யப்படும். ஒரே கதை பல மாதங்கள், சில குழுக்களில் பல ஆண்டுகள்கூடத் தொடரும்.

1973 இல் கைகாக்சும் அவரது நண்பர் டான் கேயும் டி. எஸ். ஆர். நிறுவனத்தைத் தொடங்கினர். 1974 இல் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக விளையாட்டு வெளியானது. முதலில் 1,000 படிகளே அச்சிடப்பட்டன.

இரு கிளைகள்

முதல் விதிநூல்களில் இடைவெளிகள் பல இருந்தன. எனவே ஒவ்வொரு குழுவும் தனக்கேற்ற விதிகளைச் சேர்த்துக்கொண்டது. 1975 இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூல் திருடன் என்ற புதிய வகுப்பைச் சேர்த்தது. ஆயுதத்திற்கேற்ப வேறுபட்ட பகடைகளையும் அறிமுகப்படுத்தியது. ஓர் ஊரில் ஆடப்பட்ட விளையாட்டு மற்றோர் ஊரில் ஆடப்பட்டது போல் இருக்கவில்லை. போட்டிகளை நடத்துவதற்கு இது இடையூறாக இருந்தது.

இதற்குத் தீர்வாகக் கைகாக்ஸ் அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விரிவான விதித்தொகுப்பை எழுதினார். அதன் மூன்று முதன்மை நூல்கள் 1977, 1978, 1979 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. அதே வேளையில், 1977 இல் எரிக் ஹோம்ஸ் தொகுத்த தொடக்கநிலைப் பெட்டியின் வழியே எளிய வடிவமும் தொடர்ந்தது. விரிவான வடிவில் எல்ஃப் என்பது ஓர் இனம். ஆட்டக்காரர் அதற்கான தொழில் வகுப்பைத் தனியே தெரிவு செய்ய வேண்டும். 1981 இன் எளிய வடிவிலோ எல்ஃப் என்பதே ஒரு வகுப்பு. ஒரு மேசையில் உருவான கதைமாந்தரை மற்றொரு மேசைக்கு அப்படியே கொண்டு செல்ல இயலவில்லை.

அட்வான்ஸ்டு வடிவம் முற்றிலும் வேறான விளையாட்டு என்றும், அதன் விதிகள் எங்கும் ஒரே சீராகப் பின்பற்றப்பட வேண்டும் என்றும் கைகாக்ஸ் டிராகன் இதழில் வலியுறுத்தினார். தாமே விதிகளை வளர்க்குமாறு முன்பு ஊக்குவிக்கப்பட்ட பலர் இதனை ஏற்கவில்லை. இவ்வாதத்திற்குப் பொருளாதார முகமும் உண்டு. 1976 இல் நிறுவனத்தை விட்டு விலகிய ஆர்னெசன், புதிய நூல்களுக்கும் தமக்கு உரிமைத்தொகை உண்டு எனக் கோரி 1979 இல் வழக்குத் தொடுத்தார். அது 1981 இல் சமரசத்தில் முடிந்தது.

நிறுவனத்திலிருந்து விலகல்

1985 இல் நிறுவனத்தின் கட்டுப்பாடு லொரெய்ன் வில்லியம்ஸ் கைக்குச் சென்றது. மறு ஆண்டு கைகாக்ஸ் விலகினார். அவர் திட்டமிட்டிருந்த இரண்டாம் பதிப்பு, டேவிட் குக் தலைமையில் 1989 இல் அவரது பங்களிப்பின்றி வெளியானது. அதில் அரை ஓர்க் இனமும் கொலையாளி வகுப்பும் முதன்மை நூலிலிருந்து நீக்கப்பட்டன. பேய்களைக் குறிக்கும் பெயர்கள் மாற்றப்பட்டன. இதனால் பழைய நூல்களையே தொடர்ந்து பயன்படுத்திய குழுக்களும் இருந்தன.

கைகாக்ஸ் 1992 இல் டேஞ்சரஸ் ஜர்னீஸ் என்னும் புதிய விளையாட்டை வெளியிட்டார். டி. எஸ். ஆர். அதன்மீது வழக்குத் தொடுத்தது. 1994 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவ்விளையாட்டின் உரிமையை அந்நிறுவனமே விலைக்கு வாங்கியது. அதன்பின் அவ்விளையாட்டு நின்றுபோயிற்று.

மூன்றாம் பதிப்பும் இறுதிக்காலமும்

1997 இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டி. எஸ். ஆரை வாங்கியது. 2000 ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வெளியானது. முன்பு கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடியது. இப்பதிப்பில் எண் கூடினால் பாதுகாப்பு கூடும். கணக்கு எளிதாயிற்று. எனினும் பழைய சாகச நூல்களை மாற்றி எழுதாமல் பயன்படுத்துவது கடினமாயிற்று. இப்பதிப்புடன் வெளியான திறந்த உரிமம், அதன் விதிகளைக் கொண்டு பிறரும் நூல் எழுத வழிவகுத்தது.

கைகாக்ஸ் டிராகன் இதழில் மீண்டும் எழுதினார். ஆனால் புதிய விதிகளின் போக்கு அவருக்கு உவப்பாக இல்லை. 1999 இல் வெளியான தமது லெஜண்டரி அட்வென்ச்சர் விளையாட்டையும் பழைய விதிகளையும் கொண்டு தமது இல்லத்தில் ஆட்டங்களை நடத்தி வந்தார். 2004 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். 2008 மார்ச் 4 அன்று லேக் ஜெனீவாவில் தமது 69 ஆம் வயதில் காலமானார்.

மறைவுக்குப் பின்

அவர் மறைந்த மூன்றாம் மாதத்தில், 2008 ஜூனில் நான்காம் பதிப்பு வெளியானது. பழைய பதிப்புகளில் மந்திரவாதி சொன்ன மந்திரம் அன்றைக்கு அவர் நினைவிலிருந்து நீங்கிவிடும்; வீரனோ வாளை எத்தனை முறையும் வீசலாம். நான்காம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அமைப்பிலான ஆற்றல்களை வழங்கியது. இதனை விரும்பாதோர் பலர், பைசோ நிறுவனம் மூன்றாம் பதிப்பின் திருத்திய விதிகளைத் திறந்த உரிமத்தின்கீழ் வளர்த்து 2009 இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் விளையாட்டுக்கு மாறினர். கைகாக்ஸ் எழுதிய முதல் அட்வான்ஸ்டு விதிகளை மீட்டுருவாக்கும் ஆஸ்ரிக் என்னும் தொகுப்பு 2006 இலேயே வெளியாகியிருந்தது. பிரிந்தவர்களை மீண்டும் ஈர்க்கும் நோக்குடன், ஆட்டக்காரர்களின் கருத்தறிந்து உருவாக்கப்பட்ட ஐந்தாம் பதிப்பு 2014 இல் வெளியானது.

பிளவின் காரணங்கள்

நூல் ஒருமுறை வாங்கப்பட்டால் பல ஆண்டுகள் பயன்படும். ஆகவே விற்பனை தொடரப் பதிப்பாளருக்குப் புதிய பதிப்பு தேவைப்படுகிறது. ஆட்டக்காரருக்கோ பழைய நூல் பழுதாவதில்லை. அதில் அவரது பணமும் பல ஆண்டுக் கதையும் அடங்கியுள்ளன. எனினும் புதியவர்கள் புதிய பதிப்பையே கற்று வருவதால் பழைய மேசைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிறது. இவ்விளையாட்டைத் தனியே ஆட முடியாது என்பதால், விதிநூல் மாறும்போது உடன் ஆடுவோரை இழக்க நேரிடுகிறது.

கைகாக்ஸ் இப்பிளவின் இரு பக்கங்களிலும் நின்றவர். 1970களில் விதிகளின் சீர்மைக்காக வாதிட்டார். 1989 க்குப் பின் அவரது பழைய நூல்கள், புதிய பதிப்புகளை ஏற்காதோரின் அடையாளமாயின.