பீம்பேட்கா கண்ட வாகண்கர்

நம் தஞ்சைத் தரணியில் எத்திசை நோக்கினும் வயலும் வாய்க்காலுமே. குகை என்பது நமக்குக் கதைப் புத்தகத்தில் வருவதுதான். பெரிய கோயிலின் கருங்கற்கள்கூட வெளியூரிலிருந்து வந்தவையே. அக்கோயிலின் இருண்ட உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அதன் வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. அதனினும் பல்லாயிரம் ஆண்டு மூத்த ஓவியங்களைத் தேடி மலையேறிய ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர் 1919 மே 4ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் நீமச் நகரில் பிறந்தார். ஓவியம் பயின்றவர், உஜ்ஜயினியில் ஓவியப் பள்ளியும் நடத்தினார்.

1957இல் போபாலை நோக்கி ரயிலில் சென்றபோது, தொலைவில் கோட்டை மதில்போல் நின்ற பாறைகள் அவர் கண்ணில் பட்டன. அன்றாடம் எத்தனையோ பேர் பார்த்துக் கடந்த பாறைகள்தாம். 1888இலேயே அவ்விடம் பௌத்தத் தலம் என்று பதிவாகியிருந்தது. அதற்குமேல் எவரும் ஆராயவில்லை. வாகண்கரோ துணைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் புகுந்து மேலேறினார். அதுவே பீம்பேட்கா.

அங்கே எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாறைக் குடைவுகள். அவற்றுள் நானூற்றுக்கும் மேற்பட்டவற்றில் ஓவியங்கள்! செங்காவியிலும் வெள்ளையிலும் யானை, மான், காட்டெருமை; வில்லேந்திய வேடர், கைகோத்து ஆடும் கூட்டம், தேன் எடுப்போர். ஒரு காலத்தவர் வரைந்ததன்மேலேயே பிற்காலத்தவரும் வரைந்திருக்கின்றனர். அடுக்கடுக்காய்க் கிடந்த அக்கோடுகளைப் பிரித்தறிய ஓவியரின் கண் அல்லவா வேண்டும்! அவற்றை வாகண்கர் தம் கையாலேயே தாளில் படியெடுத்தார்.

இத்தகைய கண்டுபிடிப்புகளை உலகம் எளிதில் நம்பிவிடுவதில்லை. 1879இல் ஸ்பெயினின் அல்தமிரா குகைக் கூரையில் காட்டெருமைகளை முதலில் கண்டவள் மரியா என்ற எட்டு வயதுச் சிறுமி. அவள் தந்தை அதனை வெளியிட்டபோது அறிஞர்கள் போலி என்றனர். 1902இல் அவர்கள் தவற்றை உணர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. வாகண்கருக்கு அத்துயரம் நேரவில்லை. 1975இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1988 ஏப்ரலில் சிங்கப்பூரில் காலமானார். பீம்பேட்காவை 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சென்னையிலிருந்து டில்லி செல்லும் ரயில்கள் பல, நர்மதையைக் கடந்து போபாலை அடையுமுன் அந்தக் குன்றுகளின் பக்கமாகத்தான் போகின்றன.