ஆனந்தரங்கம் பிள்ளையும் அவரது தினசரியும்

நம் யாதவ குலத்துதித்த பெரியோருள் புதுவை ஆனந்தரங்கம் பிள்ளையவர்களின் நாமத்தை அறியாதார் நம்முள் சிலரே. ஆயினும் அவரைப் பிரெஞ்சுக் கம்பெனியாரின் பெரிய துபாஷியென்றும், தனவந்தரென்றும், புலவரை ஆதரித்த வள்ளலென்றும் புகழ்ந்து அவ்வளவில் அமைவாரே பலர். துபாஷிகளும் தனவந்தரும் அக்காலத்தில் வேறு பலரும் இருந்தனர். அவர்களுக்கில்லாத கீர்த்தியைப் பிள்ளையவர்களுக்கு அளித்தது அவரது தினசரியேயாம்.

1709-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மைந்தராய்ப் பிறந்த இவர், தந்தையாருடன் இளமையிலேயே புதுவை சேர்ந்தார். 1736 செப்டம்பர் 6-ந் தேதி எழுதத் தொடங்கி, இடையிடையே விடுபட்ட காலம் நீங்கலாக, 1761 வரையில் எழுதிவந்தார். கப்பல் வந்த வேளை, முழங்கிய பீரங்கிகளின் தொகை, சரக்கின் விலை, கவர்னர் டூப்ளே துரை தம்முடன் தனித்துப் பேசியவை, ஊர் வதந்தி, சகுனம், ஜாதக பலன் ஆகிய யாவும் அதிற் கலந்து கிடக்கின்றன. நடையோ பண்டிதர் நடையன்று. பிறபாஷைச் சொற்கள் விரவிய அக்காலத்துப் பேச்சு நடை. அதனைக் குறையென்பாரும் உளர். நாம் அங்ஙனம் கருதுகின்றிலம்.

1746-ல் கனகராய முதலியார் காலமானார். அவர் வகித்த உத்தியோகம் மறு ஆண்டிலேயே பிள்ளையவர்களுக்குக் கிட்டிற்று. இடைக்காலத்தில் அவருற்ற கவலையும், டூப்ளேயின் மனைவியார்பால் அவருக்கிருந்த வெறுப்பும் ஏடு முழுவதும் தெரிகின்றன. நம்மவர் சிலர் இவற்றை நீக்கிவிட்டுச் சரித்திரம் எழுத விரும்புவர். அதற்கு நாம் உடன்படோம். 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்ட செய்தியை நோக்குக. பழியிற் பெரும்பங்கை அவ்வம்மையார்மேலும் பாதிரிமார்மேலும் பிள்ளையவர்கள் சுமத்துகின்றார். அவரது வெறுப்பை அறிந்த பின்னரே அக்கூற்றை எவ்வளவு கொள்ளலாமென நாம் நிதானிக்க இயலும். கம்பெனியாரின் கடிதங்களோடு ஒப்பு நோக்கலும் வேண்டும். ஆனால் மகாநாட்டார் கூடி முறையிட்டதையும், பயன் காணாது கலைந்ததையும், ஊரார் உள்ளம் நொந்ததையும் அருகிருந்து கண்ட தமிழர் ஒருவர் வாயிலாக அறிவதற்கு இத்தினசரியே நமக்குத் துணை. ஆலயத்தைக் காக்க இயலாத தம் நிலையையும் அதில் அவர் ஒளித்தாரில்லை.

1756-ல் உத்தியோகம் போயிற்று, தேகமும் தளர்ந்தது. 1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. அம்மாதத்திலேயே பிள்ளையவர்களும் சிவபதம் என்பார் சிலர், பரமபதம் என்பார் சிலர், எவ்வாறாயினும் இறைவனடி சேர்ந்தனர்.

அதன்பின் எண்பத்தைந்து ஆண்டுகள் அவ்வேடுகளை உலகம் அறியவில்லை. 1846-ல் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் அச்சிட்டனர். தமிழில் எழுதிய பிள்ளையவர்களின் மூலம் புதுவையில் தமிழிலேயே அச்சேறத் தொடங்கியது அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து, 1948-லேதான்.