தரம் அறிந்த தலைவன்: மலையமான் திருமுடிக்காரி

கல்வராயன் மலைமேல் அமைந்த கரியாலூரும், தென்பெண்ணைக் கரையில் அமைந்த திருக்கோவலூரும் 2019ஆம் ஆண்டில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியவை. சங்க காலத்தில் கோவலூரைத் தலைமையிடமாகவும் முள்ளூர் மலையை அரணாகவும் கொண்டு ஆண்ட குடியினர் மலையமான்கள். அவர்தம் நாடு மலாடு எனப்பட்டது. அக்குடியில் தோன்றிப் புகழால் ஓங்கியவன் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை இவனைப் போற்றுகிறது. இவன் ஊர்ந்த குதிரைக்கும் காரி என்பதே பெயர்.

காரி குறுநில மன்னனே. ஆயினும் மூவேந்தரும் அவன் துணையை நாடிப் பொருளோடு தூது விடுத்தனர் என்பது கபிலர் பாடலால் விளங்கும். வேந்தர் தந்த அப்பொருள் அவன் கருவூலத்தில் தங்கியதில்லை. நாடு அந்தணர்க்கு உரியதாயிற்று; பொருள் பரிசிலர்க்கு உரியதாயிற்று. தன் மனைவியின் கற்புடைமை ஒன்றைத் தவிரத் தனக்கென உரிமை கொண்டாட அவனிடம் எதுவுமில்லை என்று கபிலர் வியக்கிறார். மது மயக்கத்தில் தேரைக் கொடுத்தல் எவர்க்கும் எளிது. மயங்காத தெளிவோடு காரி வழங்கிய தேர்களோ முள்ளூர் மலையுச்சியில் பெய்த மழைத்துளியினும் பல என்பதும் அப்புலவரின் கருத்து.

இத்தகைய வள்ளலிடமும் கபிலர் ஒரு குறை கண்டார். பரிசில் வேண்டி நாற்றிசையினின்றும் பலர் வருவர். அவர்க்குக் கொடுத்தல் எளிது. அவரவர் தரத்தை அறிதலே அரிது. ஆதலின் புலவர் அனைவரையும் ஒரே தன்மையராக நோக்குதலை ஒழிக என அவர் காரிக்கு நேரிலேயே அறிவுறுத்தினார். தலைமையின் இலக்கணம் இவ்விடத்தில் புலப்படுகிறது. எல்லார்க்கும் ஒரே அளவாக அளிப்பது நடுவுநிலைமை போலத் தோன்றும். ஆயின் ஆழ்ந்த புலமையையும் மேலோட்டமான சொல்லடுக்கையும் ஒரே நிரையில் வைக்கும் தலைவன் புலமையை மதித்தவன் ஆகான். தன் கொடையில் வாழும் புலவனே தன்னைத் திருத்துவதற்கு இடமளித்ததும் காரியின் பெருமையாகும். குறை கூறிய அப்புலவரே அவனைத் தொடர்ந்து பாடினார் என்பது புறநானூற்றில் அடுத்தடுத்து அமைந்த பாடல்களால் தெரிகிறது. கபிலர் பாடிய பின்னர்ப் பிறர் பாட இடமேது என மாறோக்கத்து நப்பசலையார் தயங்கும் அளவிற்கு அந்நட்பு சிறந்தது.

எனினும் காரியின் வாழ்வு கொடையால் மட்டும் ஆனதன்று. சேரனுக்காகப் போரிட்டு, தன்னைப் போன்றே வள்ளலாக விளங்கிய கொல்லிமலை ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரனுக்கு அளித்தான். வேந்தரின் ஆதிக்கப் போட்டியில் குறுநில மன்னர் ஒருவரையொருவர் அழித்த அவலம் அது. கோவலூரும் இதற்கு விலக்காகவில்லை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அவ்வூரை வென்ற செய்தி ஔவையார் பாடலில் உள்ளது. வீரத்தை வேந்தர்க்கு வழங்கிய தலைவனால் தன் ஊருக்கு நிலைத்த காவலைத் தர இயலவில்லை.

அக்குடிக்கு நேர்ந்த பெருந்துயர் பின்னரே வந்தது. மலையமான் மக்களை யானைக்காலில் இடுமாறு சோழன் கிள்ளிவளவன் ஆணையிட்டான் எனப் புறநானூற்றுப் பழங்குறிப்பு கூறுகிறது. யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தை மருண்டு நோக்கி நின்றனர் அச்சிறுவர். அவ்வேளையில் கோவூர்கிழார் குறுக்கிட்டார். புறாவின் துயர் தீர்த்த மரபில் வந்தவன் சோழன் என்பதை நினைவூட்டினார். புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்ணும் குடியில் பிறந்தவர் அச்சிறுவர் என்பதையும் எடுத்துரைத்தார். சிறுவர் உயிர் பிழைத்தனர். படையும் அரணும் துணை நில்லாத இடத்தில், அக்குடி புலவர்க்குச் செய்த நன்றியே துணை நின்றது.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரியின் மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த கபிலக்கல்லைக் குறிப்பிடுகிறது. நண்பனை இழந்த புலவர் அவன் மகளுக்குப் புகலிடமாகக் கருதியது மலையமான் குடியையே. காரியின் வெற்றிகளையும் தோல்விகளையும் விட, அவன் குடிமீது புலவர் கொண்ட இந்நம்பிக்கையே அவன் தலைமைக்கு வலுவான சான்றாகும்.