சுருதி சேர்ந்த இசைத்தட்டு

ஜாஸ் இசையின் பெருங்கலைஞர் மைல்ஸ் டேவிஸ், 1926இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கறுப்பினப் பல்மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1944இல் நியூயார்க் சென்று ஜூலியர்டு இசைப் பள்ளியிற் சேர்ந்தார்; ஆயினும் சார்லி பார்க்கரின் குழுவே அவருடைய ட்ரம்பெட் வாசிப்புக்கு உண்மையான பள்ளியாயிற்று.

1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் ‘கைண்ட் ஆஃப் புளூ’ பதிவாயிற்று. ஜான் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் முதலியோர் உடன் வாசித்தனர். ஆகஸ்டில் தட்டு வெளிவந்தது. அதே மாதம், தாம் வாசித்துவந்த பேர்ட்லண்டு அரங்கின் வாயிலில் நின்ற அவரைக் காவலர் தலையில் அடித்துக் குருதி சிந்தச் செய்தனர். புகழும் நிறவெறியும் ஒருங்கே வந்த மாதம் அது!

அத்தட்டிலும் ஒரு குறை இருந்தது. மார்ச் மாதப் பதிவின்போது ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடிவிட்டது. ஆகவே முதற் பக்கத்தின் மூன்று உருப்படிகளும், தட்டில் கேட்கையில், வாசித்ததைவிட விரைவாகவும் சுருதி ஏறியும் ஒலித்தன. 33 ஆண்டுகள் உலகம் அதையே அவர் வாசிப்பென்று நம்பிற்று.

1991 செப்டம்பர் 28இல் அவர் மறைந்தார். அன்று உடன் ஓடிய மற்றொரு கருவியின் நாடாவைக் கொண்டு, 1992ஆம் ஆண்டு மறுபதிப்பில் பிழை திருத்தப்பட்டது.

மறுபதிப்பு வெறும் வாணிகம் என்பாருண்டு. தட்டுச் சேர்க்கும் நண்பர்கள் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். விடை செவிக்கே விளங்கும்.