நிமிடங்களை வென்ற மருத்துவர்

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பேரங்காடிகளிலும் சுவரில் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதன்மேல் இதயமும் மின்னல் கோடும் வரையப்பட்டிருக்கும். அதற்குள் இருப்பது ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி இதய மின்னதிர்வுக் கருவி. இத்தகைய கருவி மருத்துவமனையை விட்டு வெளியே வர வழிவகுத்தவர் மருத்துவர் பிராங்க் பேன்ட்ரிட்ஜ்.

இவர் 1916ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் வட அயர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். கட்டுக்கு அடங்காத மாணவராக இருந்ததால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டதும் உண்டு. எனினும், முயன்று படித்து 1939இல் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. இராணுவ மருத்துவராகச் சேர்ந்த பேன்ட்ரிட்ஜ், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் போர்க் கைதியானார். பின்னர், சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் முன்னோர் பல்லாயிரவர் மாண்டதும் அப்பாதையில்தான். உணவில் சத்துக் குறைவால் இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் இவரையும் பற்றியது. விடுதலையானபோது இவரின் எடை 32 கிலோகிராமுக்கும் குறைவு. இதயம் பழுதாவதன் துன்பத்தைத் தம் உடலிலேயே அறிந்த இவர், இதய நோய் ஆய்வில் ஈடுபட்டார். அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்று, பெல்பாஸ்ட் அரச விக்டோரியா மருத்துவமனையில் இதய நோய் மருத்துவரானார்.

மாரடைப்பால் இறப்போரில் பலர் மருத்துவமனையை அடையும் முன்னரே இறப்பதை இவர் கவனித்தார். அப்போது இதயத்தின் கீழறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. மின்னதிர்வு ஒன்றே அந்நடுக்கத்தை நிறுத்தி, இதயம் மீண்டும் சீராகத் துடிக்க வழிசெய்யும். ஆனால், அக்கருவியோ மருத்துவமனைக்குள் இருந்தது. நோயாளி வரும்வரை காத்திராமல் கருவியே நோயாளியிடம் செல்ல வேண்டும் என்று இவர் முடிவு செய்தார்.

1965இல் கார் மின்கலங்களால் இயங்கும் கருவி ஒன்றை உருவாக்கி மருத்துவ உதவி வண்டியில் பொருத்தினார். அதன் எடை 70 கிலோகிராம். மருத்துவர்கள் சிலர் இம்முயற்சியை ஐயத்துடன் நோக்கினர். இவர் தளரவில்லை. 1968க்குள் அதன் எடையை ஏறத்தாழ 3 கிலோகிராமாகக் குறைத்தார். அமெரிக்கா இம்முறையை விரைந்து ஏற்றது. இவரின் சொந்த நாட்டிலோ 1990இல்தான் முன்னணி மருத்துவ உதவி வண்டிகள் அனைத்திலும் இக்கருவி இடம்பெற்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தமது 88ஆம் வயதில் இவர் காலமானார்.

இன்றைய ஏ.இ.டி. இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டுமே அதிர்வு கொடுக்கும். ஆகவே, மருத்துவர் அல்லாதவரும் இதனைப் பயன்படுத்தலாம். ஒருவர் மயங்கி விழுந்து, அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். ஒருவர் மார்பை அழுத்தி முதலுதவி செய்ய, மற்றொருவர் கருவியைக் கொண்டு வர வேண்டும். நோயாளி தண்ணீரில் கிடந்தால் உலர்ந்த இடத்திற்கு நகர்த்தி, ஈரமான மார்பைத் துடைக்க வேண்டும். படத்தில் காட்டியபடி ஒட்டுப்பட்டைகளை வெறும் மார்பில் ஒட்ட வேண்டும். கருவி துடிப்பை ஆராயும்போதும் அதிர்வு கொடுக்கும்போதும் எவரும் நோயாளியைத் தொடக் கூடாது. தொட்டால் ஆய்வு பிழையாகலாம், தொட்டவருக்கும் மின்சாரம் பாயலாம். அதிர்வுக்குப் பின் மார்பை அழுத்துவதை உடனே தொடர வேண்டும்.

சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. பிரிக்பீல்ட்ஸ் சாலை நெரிசலில் மருத்துவ உதவி வண்டி சிக்கிக்கொண்டாலும், அருகில் இருக்கும் கருவியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் ஓர் உயிரைக் காக்கலாம். அந்த நிமிடங்களை வெல்லவே பேன்ட்ரிட்ஜ் வாழ்நாளெல்லாம் உழைத்தார்.