குளிர்காய்ச்சலின் வழியைக் கண்ட டாக்டர் ராஸ்

திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் கொசுவும் உவமையாக இடம் பெற்றிருப்பதை ஓதுகிறவர்கள் அறிவார்கள். அந்த அற்பப் பிராணியின் வயிற்றை அறுத்துப் பார்த்து, கோடானுகோடி மக்களை வாட்டி வந்த மலேரியாக் காய்ச்சல் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் போகும் வழியைக் கண்டறிந்தவர் டாக்டர் ரொனால்ட் ராஸ். நம் பாலக்கோட்டுக்கு அதிகத் தொலைவில்லாத பெங்களூரிலும், நீலகிரி மலைச்சரிவிலும் அலைந்து திரிந்தவர் அவர்.

1857ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். தந்தை ஆங்கிலேயப் படையில் அதிகாரி. சிறு வயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய உள்ளம் கவிதையையும் ஓவியத்தையும் நாடியது. தந்தையின் விருப்பமோ வைத்தியம். தந்தையின் சொல்லுக்குப் பணிந்து லண்டனில் வைத்தியம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

1883இல் பெங்களூரில் இருந்தபோது அவர் குடியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. வெளியே தண்ணீர் தேங்கியிருந்த ஒரு தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. அப்போது அது அவருக்கு ஒரு சிறு அனுபவமாகவே இருந்தது.

சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று அந்நாள் மக்கள் நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். 1880இல் அல்ஜீரியா நாட்டுக் கான்ஸ்டன்டைன் நகரில் லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளியின் இரத்தத்தில் அதன் கிருமியைக் கண்டார். ஆனால் தோலுக்குள் அடைபட்டிருக்கும் இரத்தத்திலுள்ள கிருமி அடுத்தவர் உடம்புக்குள் எப்படிப் போகிறது? தொட்டால் தொற்றுவதில்லை; மூச்சிலும் பரவுவதில்லை. கொசு வழியாக இருக்கலாம் என்று லண்டனில் டாக்டர் மேன்சன் 1894இல் ராஸுக்கு எடுத்துக் கூறினார். ஆயினும், கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் வரும் என்பது மேன்சனின் எண்ணம்.

1895இல் ராஸ் செகந்திராபாத்துக்கு வந்தார். நோயாளிகளைக் கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கொசு விழுந்த தண்ணீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தும் பார்த்தார். அந்த எண்ணம் நிரூபணமாகவில்லை. கொசு பறந்துவிடுமென்று விசிறிகூடப் போடாமல் வியர்வையில் உட்கார்ந்திருப்பார். நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. இரண்டாண்டுகள் உழைத்தும் பலனில்லை. காரணம் இதுதான்: அவர் பார்த்தவை சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக் கொசுக்களும். மனிதர்களின் மலேரியாக் கிருமி அவற்றில் வளர்வதில்லை. 1897இல் ஊட்டிக்கருகிலுள்ள சீகூர் மலைச்சரிவுக்குப் போனவரை அந்தக் காய்ச்சலே பிடித்துக்கொண்டது. கொய்னா மருந்தால் குணமடைந்து மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 16இல், புள்ளி போட்ட இறக்கையுள்ள புதுவகைக் கொசுக்கள் ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விடப்பட்டன. ஒரு கொசுக்கடிக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. நான்கு நாட்கள் கழித்து, 20ஆம் தேதி, அந்தக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் கரும்பொடி கலந்த உருண்டைகளை ராஸ் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவை இன்னும் பெரிதாகியிருந்தன. அவை வளர்கின்றன, உயிருள்ளவை என்பது தெளிவாயிற்று.

மறுபாதியைக் கல்கத்தாவில் 1898இல் கண்டார். அங்கே முஹம்மது பக்ஸ் என்ற உதவியாளர் கொசு பிடிப்பதில் அவருக்குத் துணையாயிருந்தார். பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்து ஆராய்ந்ததில், கிருமி இரைப்பையிலிருந்து கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஏறுவது தெரிந்தது. அக்கொசுக்கள் கடித்ததால் நல்ல சிட்டுக்குருவிகளும் நோயுற்றன. குடிதண்ணீரல்ல, கடிதான் வழி! அதே ஆண்டில் இத்தாலிய அறிஞர்கள் மனிதரிடத்திலும் இதை நிலைநாட்டினர்.

1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹுசைன் கானுக்குக் கிடைத்தவை சில அணாக்கள். ராஸின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்று இத்தாலிய அறிஞர் கிராஸியுடன் நெடுங்காலம் கசப்போடு வழக்காடினார். ஆயினும் பல நாடுகளுக்கும் சென்று கொசு ஒழிப்பை வலியுறுத்தினார். 1932 செப்டம்பர் 16இல் லண்டனில் காலமானார்.

அவர் காட்டிய வழியில் சென்ற இலங்கை, 2016இல் மலேரியா இல்லாத நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நம் வீடுகளிலோ மேல்தொட்டியும் கிணறும் மூடியின்றிக் கிடக்கின்றன. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கும் இதே வைத்தியம்தான். பள்ளிவாசல் ஹவுளில் மீன் விட்டு வைத்த நம் பெரியவர்களின் வழக்கம் வெறும் அழகுக்காக மட்டுமல்ல. அந்த மீன்கள் புழுக்களைத் தின்றுவிடும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பதை நாம் அறிவோம். நோயாளி படுத்திருக்கும் வீட்டில் முதலில் அவருக்குக் கொசுவலை கட்டுங்கள். அவரைக் கடித்த கொசுதான் நாளை பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் போகும்.